தப்பாக அச்சான எண்ணையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களைக் கணினிமயமாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயம் தெரிந்தவர் எழுதியதுதான். ஆனால் அதில் ஒரு வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். எண்ணை, அதாவது பின்னட்டையில் பார்கோடோடு வரும் சர்வதேசத் தர நூல் எண்ணை, ஸ்கேன் செய்துவிட்டால் மற்ற விவரமெல்லாம் தானாகவே வந்து சேர்ந்துவிடும், பட்டியல் போடுகிறவருக்கு இனி வேலையே இல்லை என்ற அர்த்தத்தில் அது எழுதப்பட்டிருந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியை நூற்பட்டியல் பிரிவில், வந்து குவியும் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து கழித்தவள் நான். வேலை இல்லை என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, நான்தான் ஓய்வு பெற்றாயிற்றே. அந்த எண்ணை ஒழுங்காக எழுதுவதே ஒரு வேலை என்று யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் ஆதங்கம்.

தானாக வருகிறது என்கிறோமே, எங்கிருந்து வருகிறது? இன்னொரு நூலகத்தில் யாரோ எப்போதோ தட்டி வைத்த பதிவுதான் வருகிறது. இசட் 39.50 என்றொரு நெறிமுறை இருக்கிறது. அதன் வழியாக நம் கணினி அந்த நூலகத்தின் கணினியிடம், இந்த எண்ணுக்கு உன்னிடம் என்ன பதிவு இருக்கிறது என்று கேட்கும். அது கொடுத்ததை வாங்கி நம் பட்டியலில் போட்டுக்கொள்ளும். கோஹா போன்ற இலவச நூலக மென்பொருளிலேயே இது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நிதானமானவராக இருந்தால் நமக்கு நல்ல காலம். அவசரக்காரராக இருந்தால் அவருடைய அவசரமும் சேர்ந்தே நம்மிடம் வரும். நம்மிடமிருந்து எடுக்கிறவருக்கும் போகும். இப்படியே ஒரு தப்பு ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் எல்லா நூலகத்திலும் அப்படித்தானே இருக்கிறது என்று சரியாகவும் ஆகிவிடுகிறது.

இந்த எண் நூலகத்துக்காகப் பிறந்ததே அல்ல. 1960களின் நடுவில் பிரிட்டனில் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற புத்தக விற்பனை நிறுவனம் தன் கிடங்கைக் கணினி வசம் ஒப்படைக்க நினைத்தபோது வந்த யோசனை இது. கார்டன் ஃபாஸ்டர் என்ற பேராசிரியர் ஒன்பது இலக்கத்தில் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். 1967இல் அது பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. 1970இல் பத்து இலக்கமாகி ஐ.எஸ்.ஓ. 2108 என்ற சர்வதேசத் தரமானது. 2007 ஜனவரி 1 முதல் பதின்மூன்று இலக்கம். ஆகப் பிறப்பிலேயே இது வியாபாரிகளின் எண். கெட்டி அட்டைப் பிரதியும் சாதா அட்டைப் பிரதியும் விற்கிறவருக்கு வேறு வேறு சரக்கு. எனவே வேறு வேறு எண். மின்நூலிலும் ஈபப் கோப்புக்குத் தனி, பி.டி.எஃப். கோப்புக்குத் தனி. திருத்திய பதிப்புக்குப் புதிது. மாற்றமே இல்லாமல் மறு அச்சு போட்டால் பழைய எண்ணே தொடரும். நூலகத்துக்கு வருகிறவருக்கோ நாவல்தான் வேண்டும், அட்டை எப்படி இருந்தால் என்ன? பட்டியல் போடுகிறவர் பாடு இந்த இருவருக்கும் நடுவில்தான்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்ப் புத்தகங்களுக்கு மற்ற மொழிக்காரர்களைவிட நமக்கு அது அதிகமாகவே தேவைப்படுகிறது. ஒரு நூலகம் தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஏற்றியிருக்கும். இன்னொன்று ரோமன் எழுத்தில் ஏற்றியிருக்கும். அதிலும் ழகரத்துக்கு ஒருவர் இசட்டும் எச்சும் சேர்த்துப் போடுவார், இன்னொருவர் எல் எழுத்தின் கீழே கோடு போடுவார். வல்லினம் மிகுமா மிகாதா என்பதில் அட்டைக்கும் உள்பக்கத்துக்குமே சண்டை நடக்கும். ஆசிரியரின் முன்னெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதற்கு முடிவே கிடையாது. இந்தக் கூத்தில் இரண்டு நூலகங்களின் பதிவுகளைப் பக்கத்தில் வைத்து, இது இரண்டும் ஒரே புத்தகம்தான் என்று கணினிக்குப் புரியவைக்க வேண்டுமானால் இந்த எண்தான் நம்பத்தகுந்த பிடி. அதே சமயம் எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து இது தமிழ்ப் புத்தகம் என்று சொல்லிவிட முடியாது. தமிழுக்கென்று தனிக் குறியீடு இல்லை; இந்தியாவில் வெளியானால் 978க்கு அடுத்து 81 அல்லது 93, இலங்கையில் 955, சிங்கப்பூரில் 981, மலேசியாவில் 983 என்பதுபோல நாட்டுவாரியாகச் சிதறிக் கிடக்கிறோம்.

இப்போது எண்ணை எங்கே, எப்படி எழுதுவது என்று பார்ப்போம். நூலகக் கணினிகளுக்கான மார்க் 21 என்ற பதிவு வடிவத்தில் 020 என்ற புலம், அதாவது விவரம் எழுதும் கட்டம், இதற்கென்றே இருக்கிறது. அதற்குள் சில துணைப்புலங்கள். எங்கள் பேச்சில் டாலர் ஏ, டாலர் க்யூ, டாலர் இசட். ஏ-யில் செல்லுபடியாகும் எண், நடுக்கோடு எதுவும் இல்லாமல், இலக்கங்கள் மட்டும். க்யூ-வில் அந்த எண் எதற்குரியது என்ற விளக்கம்: கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்நூல், தொகுதி 2, முழுத் தொகுப்பு. இசட்டில் ரத்தான எண்ணும் தப்பான எண்ணும். புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். புத்தகத்தில் மூன்று எண் அச்சாகியிருந்தால் மூன்று 020. மென்பொருள் ஒன்றுதான் கேட்கிறது என்று ஒன்றோடு நிறுத்திவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் கேட்கும். பக்கத்தில் ஒரு சிறிய கூட்டல் குறி இருக்கும், அதை அழுத்தினால் இன்னொரு 020 வரும்.

க்யூ துணைப்புலம் 2013இல்தான் வந்தது. அதற்கு முன்னால் எண்ணின் வாலிலேயே அடைப்புக்குறி போட்டு அட்டை வகையைச் சேர்த்து எழுதுவோம். அந்தக் காலத்துப் பதிவுகள் இன்றும் பட்டியல்களில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சில மென்பொருள்கள் அந்த வாலையும் எண்ணாகவே எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு எண்ணே என்னிடம் இல்லை என்று கைவிரிக்கும். புத்தகம் அலமாரியில் இருக்கும், பதிவும் இருக்கும், எண்ணும் சரியாக இருக்கும், ஆனால் தேடினால் வராது. பழைய பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றுகிற எவரும் முதலில் இந்த வாலை வெட்டி க்யூ-வில் சேர்க்கும்படி ஒப்பந்தக்காரரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் செய்வார்கள். தாங்களாக யாரும் செய்யமாட்டார்கள்.

டாலர் இசட் விஷயம்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே காரணம்.

அச்சுப் பிழை எண்ணிலும் வரும். பதிப்பு விவரப் பக்கத்தில் ஓர் எண், பின்னட்டையில் வேறோர் எண் இருக்கும் புத்தகங்களை எந்த நூலகத்திலும் காட்ட முடியும். ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கும். போன புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்துத் திருத்தியதில் எண்ணை மட்டும் மாற்ற மறந்திருப்பார்கள். அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, இணையத்தில் தேடி, சரியான எண் என்று தோன்றுவதை எழுதிவிட்டு, புத்தகத்தில் இருக்கிற தப்பான எண்ணை விட்டுவிடுவது. வாசகர் கையில் இருக்கப்போவது அந்தப் புத்தகம்தானே! அவர் அதில் அச்சானதைப் பார்த்துத்தான் தன் கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதுவார். அந்த அடிக்குறிப்பைப் படித்த இன்னொருவர் வேறொரு நூலகத்தில் வந்து அதே எண்ணைத் தேடுவார். நாம் திருத்திக் காட்டியதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. தப்பான எண்ணை டாலர் இசட்டில் ஏற்றி, அதையும் தேடல் குறியீட்டில் சேர்த்துவிட்டால் அவருக்குப் புத்தகம் கிடைக்கும். வெளியிலிருந்து பதிவுகள் வந்து இறங்கும்போது ஏ-யில் உள்ளதை மட்டும் பொருத்திப் பார்க்கும்படி அமைத்துவிட்டால், தப்பான எண்ணால் வேறு புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. பட்டியல் போடுவதற்கான ஆர்.டி.ஏ. என்ற விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: தப்பு என்று தெரிந்தாலும் அச்சானபடியே எழுது, தப்பு என்று குறித்து வை.

கணினிதான் எண்ணைச் சரிபார்க்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்பார்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக வைத்தது, உண்மைதான். ஆனால் பத்திலிருந்து பதின்மூன்றுக்கு வந்ததில் அந்தக் காவல் கொஞ்சம் தளர்ந்துபோனது. கையில் காகிதம் இருந்தால் போட்டுப் பாருங்கள். 0306406152 என்பது பாடப்புத்தகங்களில் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் பத்திலக்க எண். முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல், இப்படியே குறைத்துக்கொண்டே வந்து கடைசியை 1ஆல் பெருக்கிக் கூட்டினால் 132. பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது, எண் சரி. இதையே பதின்மூன்றாக்கினால் 9780306406157. இதில் இலக்கங்களை மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100. பத்தால் வகுபடுகிறது, இதுவும் சரி. இப்போது நடுவில் உள்ள 61ஐ 16 என்று மாற்றி அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்திலக்க எண்ணில் கூட்டுத்தொகை 127 ஆகிவிடும்; பதினொன்றால் வகுபடாது, கணினி உடனே பிடித்துக்கொள்ளும். பதின்மூன்றிலக்க எண் 9780306401657 என்று ஆகும். அதன் கூட்டுத்தொகை 90. பத்தால் வகுபடுகிறது! கணினி வாயைத் திறக்காது.

காரணம் எளிதுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை அவற்றின் வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்கு மாறும். வித்தியாசம் ஐந்தாக இருந்தால் மாற்றம் பத்து. பத்தால் வகுத்துப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. 1-6, 2-7, 3-8, 4-9, 0-5 என்ற ஐந்து ஜோடிகளிலும் இந்த ஓட்டை இருக்கிறது. பழைய முறை பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிய எல்லாத் தப்பையும் பிடித்தது. அதற்கு விலையாகத்தான் கடைசியில் சில சமயம் எக்ஸ் என்ற எழுத்து வந்து பலரையும் குழப்பியது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த எக்ஸை அச்சுக் கோளாறு என்று நினைத்து அடிக்காமலே விட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு வேடிக்கை. எண் இல்லாத பழைய புத்தகங்களுக்கு என்ன செய்வது? 1970க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் எண் இருக்காது. பிரிட்டனில் 1967க்குப் பின் வந்தவற்றில் ஒன்பது இலக்கம் இருக்கும். முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அதுவே பத்திலக்க எண். மற்றவற்றுக்குப் புலத்தைக் காலியாக விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சில நூலகங்களில் அந்தப் புலத்தைக் கட்டாயம் என்று அமைத்துவிடுகிறார்கள். தட்டச்சு செய்கிறவர் என்ன செய்வார், பாவம்? பத்துப் பூஜ்யம் அடிப்பார். பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம், அது பதினொன்றாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும். ஆகக் கணினியின் சரிபார்ப்பில் அது முறையான எண்! பல நூலகங்களின் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் நாளில் நிகண்டும் சித்த மருத்துவச் சுவடிப் பதிப்பும் நாடக நூலும் ஒரே புத்தகத்தின் பிரதிகள் என்று ஒரே பதிவுக்குள் போய் விழும். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிற வேலை இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. நூலகத்தின் சேர்க்கை எண்ணை அந்தப் புலத்தில் நிரப்புகிறவர்களும் உண்டு. அது அந்தந்தப் பிரதிக்கு நாமே கொடுக்கும் எண்; வேறு எந்த நூலகத்துக்கும் அதனால் காலணாப் பிரயோசனம் இல்லை.

தொகுதி தொகுதியாக வரும் நூல்களில்தான் வாசகருக்கு நேரடியாக அடி விழுகிறது. நான்கு தொகுதியாக வந்த ஓர் ஆய்வு நூல். ஒவ்வொரு தொகுதியின் பதிப்பு விவரப் பக்கத்திலும் இரண்டு எண்: மேலே முழுத் தொகுப்புக்கானது, கீழே அந்தத் தொகுதிக்கானது. ஒரு நூலகத்தில் தற்காலிக ஊழியர்களை வைத்து விரைவாகப் பதிவு செய்தபோது, முதலில் கண்ணில் பட்ட மேல் எண்ணையே நான்குக்கும் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது தொகுதி வந்ததும் கணினி, இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது, கூடுதல் பிரதியாகச் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கும். சேர் என்று சொல்லியிருப்பார்கள். முடிவில் பட்டியலில் முதல் தொகுதி நான்கு பிரதி. மற்ற மூன்று தொகுதிகள் இல்லவே இல்லை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மூன்றாம் தொகுதியைத் தேடி, இல்லை என்று கண்டு, வேறு நூலகத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். அவள் தேடிய தொகுதி, அவள் தேடிக்கொண்டிருந்த கணினிக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. வேறு ஏதோ வேலையாக நான் அங்கே போயிருந்தபோது தற்செயலாகத்தான் இது வெளியே தெரிந்தது. ஐந்து 020 போட்டு, ஒவ்வொன்றின் க்யூ-விலும் தொகுதி 1, தொகுதி 2 என்றும் முழுத் தொகுப்பு என்றும் எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த அலைச்சல் இல்லை. அதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மின்நூல் வந்த பிறகு இந்தக் குழப்பம் இன்னொரு சுற்று ஆரம்பித்திருக்கிறது. மின்நூலின் பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சுப் பிரதியின் எண்ணும் சேர்ந்தே வரும், ஏனென்றால் பெரும்பாலும் அதே பக்கத்தைத்தான் அப்படியே போடுகிறார்கள். அந்த எண்ணை மின்நூல் பதிவின் ஏ-யில் ஏற்றினால், அச்சுப் புத்தகத்தின் பதிவும் இதுவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு புத்தகத்தை எடுக்க வருகிறவர் அலமாரியைத் தேடுவார், இருப்பதோ திரையில். மின்நூலுக்குரிய எண் ஏ-யில், அச்சுக்குரியது இசட்டில், இரண்டுக்கும் க்யூ-வில் விளக்கம். முறை இதுதான்.

979இல் தொடங்கும் எண்களுக்கும் ஒரு வார்த்தை. 978 எண்களுக்கு மட்டும்தான் பத்திலக்க இணை உண்டு. 979க்குக் கிடையாது. பிரான்ஸ், கொரியா, இத்தாலி, அமெரிக்கா என்று 979 எண்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. பழைய மென்பொருள் சில, முதல் மூன்று இலக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிட்டு, மிச்சத்தை வைத்துப் பத்திலக்க எண்ணைத் தானே செய்துகொள்ளும். அப்படிச் செய்த எண் வேறெந்தப் புத்தகத்துக்கோ சொந்தமாக இருக்கலாம்.

பதிப்பாளர்களிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. எண்கள் பெரும்பாலும் பத்து, நூறு, ஆயிரம் என்று மொத்தமாக ஒதுக்கப்படுகின்றன. பத்து எண் வாங்கின சிறு பதிப்பகம் பதினோராவது புத்தகம் போடும்போது, விற்றுத் தீர்ந்த பழைய புத்தகத்தின் எண்ணை எடுத்துப் புதியதில் போட்டுவிடுகிறது. விற்றுத் தீர்ந்ததாக அவர்கள்தான் நினைக்கிறார்கள். நூலகத்தில் அது எப்போதும் தீராது. ஒரே எண்ணில் சமையல் குறிப்பும் கவிதைத் தொகுதியும் வந்து சேர்ந்தால் பட்டியல் போடுகிறவர் இரண்டு பதிவுகளிலும் அந்த எண்ணை எழுதத்தான் வேண்டும், குறிப்பும் சேர்த்து. கணினி ஒன்றாக்கட்டுமா என்று கேட்கும்போது முடியாது என்று சொல்ல அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத்தான் கட்டுரையாளர் வேலை இல்லை என்கிறார்.

நூலகங்களே செய்யும் அட்டூழியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் வந்ததும் நம் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டத் தோதான வெள்ளை இடம் தேடுவார்கள். பின்னட்டையில் அப்படி ஓர் இடம், பதிப்பாளர் ஐ.எஸ்.பி.என். அச்சிட்ட கட்டம். பளிச்சென்று அதன் மேலேயே ஒட்டிவிடுவார்கள். அடுத்த சில வருடத்தில் புத்தகம் நைந்து பைண்டிங்குக்குப் போகும். பைண்டர் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலிகோ துணி ஒட்டித் திருப்பித் தருவார். பின்னட்டையில் மட்டும் எண் அச்சாகியிருந்த புத்தகமாக இருந்தால் அதோடு போயிற்று. வந்த அன்றே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, உள்ளதையெல்லாம் பதிவில் ஏற்றியிருந்தால் மட்டுமே அது பிழைக்கும். பிற்பாடு இணையத்தில் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்பவர்கள், கெட்டி அட்டையின் எண்ணைச் சாதா அட்டைப் பிரதிக்கும், இரண்டாம் பதிப்பின் எண்ணை முதல் பதிப்புக்கும் போட்டு வைத்திருப்பதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. முதல் பதிப்பின் பக்க எண்ணை நம்பி மேற்கோள் காட்டுகிற ஆய்வாளருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே நூலகக் கணினிமயமாக்கத்துக்குத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு நாளைக்கு இத்தனை பதிவு முடிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கும்போது, புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒப்பந்தத்தில் 020 புலத்தைப் பற்றித் தனியாக எழுதுங்கள்: அச்சான எல்லா எண்களும், ஒவ்வொன்றும் எதற்குரியது என்ற விளக்கத்தோடு, தப்பானவை இசட்டில், இல்லாதவற்றுக்கு வெற்றிடம். எடுத்துக்கொண்ட பணி முடிந்ததும் அலமாரியிலிருந்து பத்துப் புத்தகத்தைக் கைபோன போக்கில் உருவி எடுத்து, பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால்.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு விண்ணப்பம். நூல் அறிமுகப் பகுதியில் ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை எல்லாம் போடுகிறீர்கள், ஐ.எஸ்.பி.என். எண்ணை மட்டும் போடுவதில்லை. அந்தப் பகுதியைப் பார்த்துத்தான் பல நூலகர்கள் ஆர்டர் பட்டியல் தயாரிக்கிறார்கள். எண்ணையும், அது எந்த அட்டைக்குரியது என்பதையும் ஒரே வரியில் சேர்த்துப் போட்டால் தப்பான பதிப்பு வந்து இறங்குவது குறையும். உதவி ஆசிரியர்கள் பின்னட்டையை மட்டும் பார்த்து எழுதிவிட வேண்டாம். உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டிலும் எண் வேறாக இருந்தால் இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பட்டியலாளர்